ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்த பிறகு வீட்டில் எப்படித் துணையாக இருப்பது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கோவையில் ஐ.வி.எஃப். சிகிச்சை எடுத்து வருகிறோம். போன வாரம் பீட்டா ரிப்போர்ட், அதாவது கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் அளவு 5க்கும் கீழே. இந்த முறையும் நிற்கவில்லை.

ரிப்போர்ட் இப்போது வாட்ஸப்பில்தான் வருகிறது. நான் கம்பெனியில் இருந்தேன், அவள் வீட்டில் இருந்தாள், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. உடனே கிளம்பிப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கும் அழவில்லை, இன்று வரை அழவில்லை. கேட்டால் பதில் சொல்கிறாள், தானாக ஒன்றும் பேசுவதில்லை. ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில், மிச்சமான ஊசி மருந்து டப்பா அப்படியே இருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்றால் "இருக்கட்டும்" என்கிறாள்.

அம்மா தினமும் போன் செய்து, "அடுத்த தடவை கண்டிப்பா நிக்கும், அவளை டென்ஷன் ஆகாம இருக்கச் சொல்லு" என்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் போனை வைத்ததும் வீடு இன்னும் இறுகிப் போகிறது. அடுத்த மாதம் என் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு வேறு.

மருத்துவ ஆலோசனை கேட்கவில்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த நாட்களில் உங்களுக்கு எது உதவியது, எது வலித்தது என்று சொல்லுங்கள்.

மதுரை மல்லி எழுதியது:

தம்பி, முதலில் அந்த டப்பாவை அங்கேயே விடுங்கள். அவர் கையால் எடுக்கும் நாள் வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் டிரான்ஸ்ஃபர் அன்று ஸ்கேன் திரையில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "இங்கே வெச்சிட்டோம்" என்பார்கள். சில இடங்களில் கருவின் படத்தைக் கையிலேயே தருவார்கள். நான் அதைப் பர்ஸில் வைத்திருந்தேன். அன்று முதல் பீட்டா வரும் வரை, உட்காரும்போது, படுக்கும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாமா என்று யோசிக்கும்போது, எல்லா நேரமும் நான் இரண்டு பேராகத்தான் இருந்தேன். ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்ததும் ஊர் பார்வையில் ஒன்றுமே நடக்கவில்லை. கரு கலையவில்லை, வயிறு தெரியவில்லை, யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. எனக்கோ ஒரு சாவு நடந்திருக்கிறது. அதைச் சாவு என்று சொல்லவும் முடியாது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசத் தெரியாதவர். அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் அந்தப் படத்தைக் காட்டு" என்றார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் பேர் யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இன்னொருவரும் சுமந்திருக்கிறார் என்று தெரிந்தது பெரிய ஆறுதல்.

வலித்தது எது என்று கேட்டீர்கள். "அடுத்த தடவை" என்ற பேச்சுதான். இந்தத் தடவை போனதை நினைத்து ஒரு வாரம்கூட வருத்தப்பட விடாமல் அடுத்ததற்கு இழுப்பார்கள். நீங்களும் அதைச் சொல்லாதீர்கள், அம்மாவிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழநி பாதயாத்திரை எழுதியது:

சகோ, மனசைத் தளர விடாதீர்கள். என் அத்தை மகளுக்கும் இப்படித்தான். எல்லாச் சிகிச்சையும் பார்த்து அலுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு டென்ஷன் இல்லாமல் இருந்தார்கள். தானாகவே தங்கியது. எங்காவது கொடைக்கானல் பக்கம் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வாருங்கள். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் நெய் பிரசாதம் வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்கள். மனசு நிம்மதியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

தஞ்சைச் செவிலி எழுதியது:

கருத்தரிப்பு மருத்துவமனையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மேலே சொன்ன சகோதரர் அன்போடுதான் சொல்லியிருக்கிறார். கோவிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். திருக்கருகாவூர் எங்கள் ஊர்ப் பக்கம்தான். அம்பாள் முன்னால் நின்று வாய்விட்டு அழுதுவிட்டு வந்ததில் மனசு லேசானது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அவருக்கே போகத் தோன்றினால் கூட்டிப் போங்கள்.

ஆனால் "டென்ஷன் இல்லாமல் இருந்தால் தங்கும்" என்பதை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அதைக் கேட்கும் பெண்ணின் காதில், "நீ டென்ஷனானதால்தான் தங்கவில்லை" என்றே விழும். அது உண்மையும் இல்லை. 2011ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. பல நாடுகளில் நடந்த 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 3,500க்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தைப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன்னால் இருந்த மனக்கவலைக்கும், அந்தச் சுற்றில் கரு தங்கியதா இல்லையா என்பதற்கும் தொடர்பே கிடைக்கவில்லை. கவலைப்பட்டவர்களுக்கும் தங்கியது, நிம்மதியாக இருந்தவர்களுக்கும் தங்காமல் போனது.

ரிசல்ட் வந்த மறுநாள் வார்டில் நான் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "மாடிப்படி ஏறினேனே, அதனாலயா சிஸ்டர்?" "பஸ்ல வந்தேனே, குலுங்கிடுச்சோ?" "அன்னிக்கு அவரோட சண்டை போட்டேன்." "தும்மினேன்." ஒன்றும் காரணமில்லை. கர்ப்பப்பையில் வைத்த கரு தும்மினால் வெளியே வராது. டிரான்ஸ்ஃபர் முடிந்து படுத்தே கிடப்பதால் நன்மை இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டதால், பல இடங்களில் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடக்கச் சொல்கிறோம். கரு ஒட்டாமல் போவதற்கு மிக முக்கியமான காரணம் அந்தக் கருவின் குரோமோசோம் கோளாறு. அது கருமுட்டையும் விந்தணுவும் சேரும்போதே, சில நேரம் அதற்கும் முன்பே தீர்மானமாகிவிடும். பார்க்க அழகான, முதல் தரக் கருவிலும் அது இருக்கலாம்.

இன்னொன்று. கரு தங்க உதவும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மாத்திரை போடும்போது மார்பு வலிக்கும், வயிறு உப்பும், மயக்கம் மாதிரி வரும், மாதவிலக்கும் தள்ளிப் போகும். கர்ப்பத்தின் அறிகுறிகள் எல்லாமே மருந்திலேயே வந்துவிடும். அதனால்தான் அந்த இரண்டு வாரக் காத்திருப்பில் "இந்தத் தடவை நிச்சயம்" என்று உடம்பே நம்பிவிடுகிறது. அவர் ஏமாந்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மருந்து செய்த வேலை அது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "நீ செஞ்ச எதனாலயும் இது ஆகலை" என்பதை உங்கள் வாயால் ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். டாக்டர் சொல்வது வேறு, கணவர் சொல்வது வேறு.

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் ஆண். இதுவரை எங்கும் எழுதியதில்லை. குறை என் பக்கம். விந்துப் பரிசோதனையில் அணுவே இல்லை என்று வந்தது. அசூஸ்பெர்மியா என்பார்கள். இன்னொரு முறை எடுத்தார்கள், அப்போதும் இல்லை.

இந்த ரிசல்ட் வருவதற்கு முன்னால், முதலில் பரிசோதனைக்குப் போனது என் மனைவிதான். எல்லா வீட்டிலும் அப்படித்தானே. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, எல்லாம் அவளுக்கு முடிந்த பிறகுதான் என்னைக் கேட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன டப்பாவும் தனி அறையும்தான். குழந்தையின்மைக்கு ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கமும் காரணம் உண்டு என்று டாக்டர் அன்றுதான் சொன்னார்.

ரிசல்ட் வந்ததும் அவள், "வெளியே சொல்ல வேண்டாம், குறை எனக்குன்னே இருக்கட்டும்" என்றாள். ஊரில் எத்தனை பெண்கள் இப்படி வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அதை ஏற்க முடியவில்லை. என் அம்மாவையும் அக்காவையும் உட்கார வைத்து, "பிரச்சினை எனக்கு, இனி இவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது" என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் அவளிடம் "விசேஷம் உண்டா" என்று யாரும் கேட்டதில்லை.

நொய்யல்கரை சகோ, நீங்கள் மனைவிக்கு எப்படித் துணையாக இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை யார் கேட்டார்கள்? எனக்கு ஆபீஸில் ஒருத்தர்கூடத் தெரியாது. காலையில் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதுவிட்டு உள்ளே போன நாட்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் ஃபார்மில் கையெழுத்து, பில்லுக்கு கார்டு, இதைத் தவிர ஆணுக்கு வேலை இல்லாத மாதிரியே நடத்துவார்கள். உங்களுக்கும் போனது உங்கள் குழந்தைதான். ஒரு நண்பனிடமாவது பேசுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவை நேற்று ராத்திரி பலமுறை படித்தேன். நன்றி. என்னை யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

கேட்கும் செவி எழுதியது:

உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். கருத்தரிப்புச் சிகிச்சையில் இருக்கும் தம்பதிகள் நிறைய வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். அப்படியிருந்தும் வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் தெருவில் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணத்தோடு வருகிறார்கள்.

அடிக்கடி பார்க்கும் ஒரு சிக்கலைச் சொல்கிறேன். ஒருவர் பேசிப் பேசித் துக்கத்தை ஆற்றுவார். இன்னொருவர் வேலையில் மூழ்கி ஆற்றுவார். பேசுகிறவருக்கு மற்றவர் கல்மனசு போலத் தெரியும். பேசாதவருக்கு, இந்தப் பேச்சை எடுத்தால் முடியவே முடியாது என்ற பயம் இருக்கும். இரண்டு பேருக்கும் வலி ஒன்றுதான். அதனால் நான் சொல்வது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு இருபது நிமிடம் இதற்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் சிகிச்சை, பணம், பயம், கோபம் எதுவும் பேசலாம். மற்றவர் குறுக்கே பேசாமல், தீர்வு சொல்லாமல் கேட்க வேண்டும். நேரம் முடிந்ததும் வேறு பேச்சு. பேச வேண்டியவருக்கு இடம் உறுதியாகக் கிடைக்கிறது, பேசத் தயங்குகிறவருக்கு இது முடியும் என்ற உறுதி கிடைக்கிறது. உங்கள் மனைவி இப்போது பேசாமல் இருந்தால் இருபது நிமிடமும் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

அவர் அழாமல் இருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது. நீங்களும் கூப்பிடலாம், நோயாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். 2021ல் வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டப்படி, சிகிச்சையின் பின்விளைவுகள், வெற்றி வாய்ப்பு, செலவு பற்றியெல்லாம் தம்பதிக்கு முறையான கவுன்சலிங் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை. அதற்கென்று ஆலோசகர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பல இடங்களில் அது பேக்கேஜ் விலை சொல்லும் பத்து நிமிடப் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. "கவுன்சலரைப் பார்க்கணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பெரியகுளத்து அத்தை எழுதியது:

நான் மாமியார் இடத்திலிருந்து எழுதுகிறேன் தம்பி. என் மகனுக்கும் மருமகளுக்கும் ரொம்ப நாள் குழந்தை தங்கவில்லை. நம் வீட்டு விசேஷங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வளைகாப்பில் சந்தனம் பூச, வளையல் போட ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவார்கள். குழந்தை இல்லாத பெண் பக்கம் வந்ததும் கூப்பிடுகிறவர் குரல் ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியை அந்தப் பெண் ஆயுளுக்கும் மறக்க மாட்டாள். கூப்பிடாமல் விட்டாலும் வலி, பரிதாபப்பட்டுக் கூப்பிட்டாலும் வலி.

எங்கள் வீட்டில் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். எந்த விசேஷப் பத்திரிகை வந்தாலும் மருமகளிடம் கொடுத்து, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய், நீ வரலைன்னா பதில் சொல்றது என் பொறுப்பு" என்பேன். சிலதுக்கு வந்தாள், சிலதுக்கு வரவில்லை. வராத இடத்தில் யாராவது கேட்டால் "அவளுக்கு வேலை இருக்கு" என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் கேட்டால், "உங்க வீட்டு விஷயத்தை நான் கேக்குறேனா" என்பேன். ஊர் வாயை மூட முடியாது, ஆனால் வீட்டு வாசலில் நிறுத்தலாம். அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அந்தப் பிள்ளைகளைச் செய்ய விடக்கூடாது.

உங்கள் அம்மா கெட்டவர் இல்லை. அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் தைரியம் சொல்கிறார். அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். ஸ்கேனுக்குப் போகும் நாளில் சமைத்து அனுப்பச் சொல்லுங்கள். போனில், "சாப்பிட்டியாம்மா, உடம்பு எப்படி இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். வளைகாப்பு விஷயத்தை அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொன்னால் கேட்பார். எங்கள் வயசுக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை, அதுதான் குறை.

ஓ.எம்.ஆர். ஓட்டம் எழுதியது:

அத்தை எழுதியதைப் படித்ததும், எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று ஏக்கமாக இருந்தது. நாங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாமலே சிகிச்சை எடுக்கிறோம். ஊசி போடும் நாட்களில் ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால் மருந்தைப் பக்கத்து ஃபிளாட் ஃபிரிட்ஜில் கொடுத்து வைப்பேன். முட்டையை முதிர வைக்கும் டிரிகர் ஊசியைச் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போட வேண்டும். அதிலிருந்து 34, 36 மணி நேரத்துக்குள் முட்டை எடுக்க வேண்டும் என்பதால் பத்து நிமிடம்கூடத் தள்ளக் கூடாது என்பார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்ரூமுக்குள் நின்று போட்டுக்கொண்டேன்.

ஆனாலும் சொல்லாததில் ஒரு நிம்மதி இருக்கிறது. நெகட்டிவ் என்று வந்தால் இரண்டு பேருக்குள் முடிகிறது. பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மதுரை மல்லி எழுதியது:

தோழி, உங்கள் முடிவு உங்களுக்குச் சரி. எனக்கு அது ஒத்துவரவில்லை. மறைப்பதே இன்னொரு முழுநேர வேலையாகிவிட்டது. நாங்கள் என் அக்காவிடம் மட்டும் சொன்னோம், மற்றவர்களுக்கு என்ன, எப்போது சொல்ல வேண்டும் என்பதை அவள் கையில் விட்டோம். ரிசல்ட் அன்று நான் யாருக்கும் போன் செய்யவில்லை, அவள் செய்தாள். எத்தனை பேரிடம் சொல்வது என்பது அவரவர் விருப்பம். ஆனால் ஒருவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தம்பதியில் இரண்டு பேரும் ஒரே நாளில் உடைந்தால் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும்.

நல்லதே நடக்கும் எழுதியது:

இவ்வளவு கஷ்டப்படுவதற்கு ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமே. எத்தனை குழந்தைகள் வீடில்லாமல் இருக்கிறார்கள்.

தத்துத் தாய் எழுதியது:

நான் தத்தெடுத்தவள். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள்தான் என் உயிர். அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்கிறேன். நெகட்டிவ் வந்த வாரத்தில் யாரிடமும் தத்தெடுப்பைப் பற்றிப் பேசாதீர்கள். இழந்த குழந்தைக்காக அழுது முடிக்காமல் வேறு குழந்தையைக் கையில் வாங்கக் கூடாது, அது அந்தக் குழந்தைக்கும் நியாயமில்லை.

நடைமுறையும் நினைப்பது போல் உடனே நடக்காது. காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும், கல்யாணமாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். பிறகு வருடக்கணக்கில் காத்திருப்பு. இதற்கும் தனியாக மனத்தெம்பு வேண்டும். நொய்யல்கரை, உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் எப்போதாவது, நீங்களாகவே அந்த எண்ணம் வந்தால் எழுதுங்கள். ஒவ்வொரு படியும் சொல்கிறேன். வராவிட்டாலும் ஒன்றுமில்லை.

கடலூர்க்காரி எழுதியது:

நாங்கள் நிறுத்திவிட்டோம். குழந்தை இல்லை, தத்தும் எடுக்கவில்லை. இப்படி ஒரு முடிவும் உண்டு என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், பயமுறுத்த இல்லை.

சிகிச்சையில் கடினமானது ஊசியில்லை, எங்கே நிற்பது என்று தெரியாததுதான். ஒரு சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் என்று போகும். பெரும்பாலான இன்சூரன்ஸில் கிடைக்காது. என் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகை எல்லாம் கூட்டுறவு வங்கியில் இருந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், "இவ்வளவு செஞ்சாச்சு, இன்னும் ஒரு தடவை" என்று தோன்றும். டாக்டரும் சொல்வார், சொந்தமும் சொல்லும். சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரை அனுமதிக்கிறது. அதுவரைக்கும் ஓடியே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை.

எங்கள் டாக்டரம்மா ஒருவர் நல்ல வார்த்தை சொன்னார். "மனசு உடைஞ்சிருக்கும்போது நிறுத்தறதைப் பத்தியோ தொடர்றதைப் பத்தியோ முடிவு எடுக்காதீங்க. நல்லா இருக்கிற ஒரு நாள்ல ரெண்டு பேரும் உக்காந்து பேசி எழுதி வெச்சுக்கோங்க" என்றார். நாங்கள் ஒரு சுற்று தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசினோம். எவ்வளவு கடன் வரை போவது, என் உடம்பில் எது நடந்தால் உடனே நிறுத்துவது, யாராவது ஒருவர் போதும் என்றால் மற்றவர் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த நோட்டுதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. நான் போதும் என்ற அன்று அவர் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். தீபாவளி அன்று காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி போடும்போது நெஞ்சு கனக்கும். மற்ற நாட்களில் நன்றாக இருக்கிறோம். உண்மையாகவே நன்றாக இருக்கிறோம். இரண்டு பேருமாக ராத்திரி கடற்கரைக்குப் போகிறோம், சுண்டல் வாங்கிச் சாப்பிடுகிறோம், சிரிக்கிறோம். சிகிச்சை நடந்த வருடங்களில் நாங்கள் சிரித்ததே இல்லை.

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அவளிடம், "இப்படி ஒரு இடத்தில் கேட்டிருந்தேன், படிக்கிறாயா" என்று போனைக் கொடுத்தேன். முழுதும் படித்தாள். மதுரை மல்லி அக்கா எழுதியதில் ரொம்ப நேரம் நின்றாள். செவிலி அக்கா சொன்னதை நான் சொன்னேன். "எனக்குத் தெரியும், ஆனா நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு" என்றாள்.

அம்மாவிடமும் பேசிவிட்டேன். முதலில் கோபப்பட்டார். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்" என்றார். பெரியகுளத்து அத்தை சொன்னதைப் போல வளைகாப்பு விஷயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றதும் குரல் மாறிவிட்டது. "அவ வர வேண்டாம், நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அவளே ஒன்று கேட்க வேண்டும் என்கிறாள். கீழே அவள் தட்டச்சு செய்தது:

வணக்கம். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு இன்னும் கரு உறைநிலையில் இருக்கிறது. போனதுமே அடுத்த மாதமே வைக்கலாம் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எனக்குக் கொஞ்ச நாள் மாத்திரை இல்லாமல், அலாரம் இல்லாமல் இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால் இருக்கும் கருவும் கெட்டுப்போகுமா? அங்கே போய் என்ன கேட்க வேண்டும்? அந்த அறைக்குள் போனால் எனக்கு எல்லாம் மறந்துவிடுகிறது.

தஞ்சைச் செவிலி எழுதியது:

நீங்களே எழுதியது ரொம்ப சந்தோஷம்மா.

கெட்டுப்போகாது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் கருவுக்கு வயசே ஏறாது. சட்டப்படி 10 வருடம் வரை வைத்திருக்கலாம். ஆகவே சில மாதம் ஓய்வு எடுப்பதால் அந்தக் கருவுக்கு நஷ்டமில்லை. உங்கள் வயது, உடம்பு நிலையை வைத்துத் தள்ளக் கூடாத காரணம் வேறு ஏதாவது இருந்தால் டாக்டரே சொல்லட்டும், அதை நேராகவே கேளுங்கள்.

மறந்துவிடும் என்றால் தாளில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், அவர் கேட்கட்டும். இந்த முறை வைத்தது எத்தனை நாள் வளர்ந்த கரு, தரம் எப்படி இருந்தது, கர்ப்பப்பை உட்சுவர் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்று கேளுங்கள். அடுத்த முறை எதை மாற்றப் போகிறார்கள், அந்த மாற்றத்துக்கு என்ன காரணம் என்பதையும் கேளுங்கள். புதுசாக ஊசி, சோதனை எதையாவது சேர்க்கச் சொன்னால் அதனால் பலன் உண்டு என்று நிரூபணம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கூடுதல் செலவுள்ளவை பலவற்றுக்கு உறுதியான நிரூபணம் இல்லை. முடிவை அன்றைக்கே சொல்ல வேண்டாம். "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து வாருங்கள்.

அப்புறம், மருந்தில்லாமல் இருக்கும் நாட்களிலும் உறைநிலைக் கருவுக்கான வருடக் கட்டணம் ஓடும். புதுப்பிக்கும் தேதி எது என்று வரவேற்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது நொய்யல்கரைத் தம்பியின் வேலையாக இருக்கட்டும். உங்களுக்கு அந்த அலாரமும் வேண்டாம்.